ரெட்டைக் காய்ப்பு

கோவிந்தப்பாவுக்கு இரண்டாவது காய்ப்பு விழுந்தது என்று கூட்ஸ் ஷெட்டில் ஆட்டுத்தலை வாங்கிச் சமைத்தார்கள். நானும் உட்கார்ந்து தின்றேன். அறுபத்தோராம் வருஷம், மாசி மாதம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நடந்ததில் எனக்கு நல்லவன் வேஷம் போட இடமில்லை.

பெங்களூர் தண்டு என்கிற கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த ஷெட்டில் பதினெட்டு ஹமாலிகள். குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேகனிலிருந்து மூட்டையைத் தலையில் வாங்கி, ஆடுகிற பலகைமேல் நடந்து வந்து, ஷெட்டுக்குள் அடுக்க வேண்டும். நான் மூட்டைமேல் மையால் நம்பர் எழுதுகிறவன். ஆரோக்கியசாமி என்ற என் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, எல்லோருக்கும் நான் ரைட்டர்தான்.

தலையில் சும்மாடு வைத்து ஐந்தாறு வருஷம் மூட்டை தூக்கினால் நடு உச்சியில் தோல் தடித்து, மயிர் உதிர்ந்து, ஒரு காய்ப்பு வரும். அது வந்தால்தான் அவன் முழு ஹமாலி. அன்றைக்கு மேஸ்திரி பச்சைமுத்து ஆட்டுத்தலை வாங்குவார். வெந்த மூளையைக் காய்ப்பு விழுந்தவனுக்குத்தான் முதலில் வைப்பார்கள். கோவிந்தப்பாவுக்கு அந்த மரியாதையெல்லாம் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. இப்போது வலது நெற்றிக்கு மேலே, மயிர் தொடங்குகிற இடத்தில், இன்னொன்று புடைத்திருந்தது.

"பார்றா, தொட்டுப் பார்றா. கல்லாட்டம் கீது. முப்பது வருசமா மூட்டை தூக்கறேன், ரெட்டைக் காய்ப்பு நான் பார்த்ததில்ல. ரைட்டரே, நீயும் தொட்டுப் பாரு" என்றார் மேஸ்திரி.

தொட்டேன். கொட்டைப்பாக்கைப் பாதியாக வெட்டித் தோலுக்கு அடியில் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. கோவிந்தப்பா கூச்சத்தோடு சிரித்தான்.

"வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

"தொட்டா வலிக்கல ரைட்டரே. காலைல எழுந்தாத்தான் மண்டையப் பொளக்குது. வாந்தி வருது. ஷெட்டுக்கு வந்து ரெண்டு மூட்டை ஏத்தினா கம்முனு ஆயிடுது."

"அதான்டா வைத்தியம். வலிக்கிற எடத்துல பாரம் வெச்சா வலி அமுங்கிடும்" என்றார் மேஸ்திரி. மறுநாளிலிருந்து கோவிந்தப்பாவின் சும்மாடு முன்னால் நகர்ந்து அந்தப் புடைப்பின்மேல் உட்கார்ந்தது. உப்பு வேகன் வந்தால் முதல் மூட்டை அவனுக்குத்தான். ஈரம் பட்ட உப்பு மூட்டை எத்தனை கனம் என்பது தூக்கினவர்களுக்குத் தெரியும்.

அவன் எனக்குப் பக்கத்து வீடு. டானரி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் எட்டு வீடுகள், நடுவில் ஒரு முற்றம், ஒரு குழாய், குழாயை ஒட்டி ஒரு கல்கம்பம். அவன் பெண்டாட்டி தனக்கோடி ஊதுபத்தி உருட்டுகிறவள். விடிந்ததும் கரித்தூளும் ஜிகட்டு மரப்பட்டைப் பசையுமாகப் பிசைந்து பலகைமேல் உருட்ட உட்கார்ந்தால் முழங்கைவரை கறுப்பாகிவிடும். அதனால் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது கோவிந்தப்பா. ஷெட்டுக்குக் கிளம்புமுன் வாசலில் நின்று, வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு, பின்னலை இழுத்து இழுத்துப் பார்ப்பான். என் பெண்டாட்டி டோரதி அதைக் காட்டிக் காட்டி என்னை வாங்கு வாங்கென்று வாங்குவாள். பிள்ளை இல்லாத குறை ஒன்றுதான், மற்றபடி அந்த வீட்டில் சண்டைச் சத்தமே கேட்டதில்லை.

சித்திரையில் ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் குழாயடியில் ஐந்து பெண்கள் குடத்தோடு நிற்க, அவன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே ஒன்றுக்குப் போனான். பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவன் முகத்தில் ஒரு வெட்கம் இல்லை, மெதுவாக வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். குடித்துவிட்டான் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அதே வாரத்தில் தனக்கோடி களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு ஊற்றி வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான், ஆவி பறக்கிற களி உருண்டையை எடுத்து அவள் முகத்தில் அடித்தான். களி சுட்டால் ஒட்டிக்கொண்டு தோலோடுதான் வரும். கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்து வந்தது. பத்து நாள் கழித்து ஷெட்டில், மூட்டையைக் கோணலாக ஏற்றிவிட்டான் என்று, கூட வேலை செய்கிற முனியப்பனின் தொடையில் மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியை இறக்கினான். கொக்கி எலும்பில் தட்டி நின்றது. முனியப்பன் அலறின அலறலில் வண்டி மாடுகள் மிரண்டு நுகத்தை முறித்தன. கோவிந்தப்பா அடுத்த மூட்டைக்காகத் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் தினம் அடிதான். அவன் வாரிப் பின்னின கூந்தலையே கையில் சுற்றி இழுத்துச் சுவரில் மோதுவான். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒவ்வொரு மோதலுக்கும் எங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு உதிரும். நான் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவேன்.

"ஜெபம் பண்ணது போதும். போய்க் கதவைத் தட்டுங்க" என்றாள் டோரதி.

"புருஷன் பொண்டாட்டி விவகாரம். நாம எப்படிப் போறது?"

"நாளைக்கு நீங்க என்னைக் கொன்னாலும் பக்கத்து வூட்டுக்காரன் ஜெபம் பண்ணினு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவளே போனாள். போனவள் முழங்கையில் பல் பதிந்து திரும்பி வந்தாள். அப்போதும் நான் போகவில்லை. பயம்தான், வேறென்ன?

மறுநாள் தனக்கோடி எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். டோரதி அவள் உதட்டுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

"குடிக்கலக்கா. வாய மோந்து பார்த்துட்டேன். ஒரு சொட்டு இல்ல."

"பின்ன என்னாத்துக்கு அடிக்கிறான்?"

"அதான் தெரியல. அடிக்கிறப்ப மூஞ்சில கோவமே இல்லக்கா. வெறகு பொளக்கிறவன் மூஞ்சியாட்டம் கீது. நாலு திட்டாச்சும் திட்டினா, ஓஹோ என்மேல என்னமோ கோவம்னு நெனச்சுக்குவேன். ஒரு வார்த்த கெடயாது."

"உன் தம்பிக்கு எழுது மே. கோலார் ஒண்ணும் காசி இல்ல. வந்து கூட்டினு போவான்."

"போயிடலாம்க்கா. ஆனா அது அவுரு இல்ல."

"அவுரு இல்லாம வேற யாரு மே? ஆவியா?"

தனக்கோடி சொன்னதை அந்த முற்றத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. அடி வாங்குகிற பெண் புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுவது எங்கேயும் உள்ளதுதானே என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் ஊதுபத்திப் பலகையைத் தூக்கி அவள் வலது கையின்மேல் இறக்கினான். முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து தோலுக்கு வெளியே வந்துவிட்டது. டோரதிதான் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மாவுக்கட்டு போட்டு வந்தாள், கோலாருக்குத் தந்தியும் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது தம்பி நாணு முற்றத்தில் நின்றிருந்தான். தங்கச்சுரங்கத்தில் ஆறாயிரம் அடிக்குக் கீழே பாறை உடைக்கிறவன், தோள் இரண்டும் சுமைதாங்கிக் கல் மாதிரி இருக்கும். அக்காவின் கன்னத்தைப் பார்த்தான். கையைப் பார்த்தான். இடுப்பு பெல்ட்டை உருவினான்.

மேஸ்திரியும் ஆறேழு ஹமாலிகளும் வந்து சேர்ந்தார்கள். முனியப்பன் நொண்டிக்கொண்டே வந்தான். கோவிந்தப்பாவை வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்து குழாயடிக் கல்கம்பத்தோடு நிறுத்தி, மூட்டை கட்டுகிற கயிற்றால் சுற்றினார்கள். தூறிக்கொண்டிருந்தது, கயிறு வழுக்கியது.

"ரைட்டரே, முனைய இஸ்துப் புடி" என்றார் மேஸ்திரி.

பிடித்தேன். காலைக் கம்பத்துக்கு உதைத்துக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பிடித்தேன்.

"நாலு சாத்து சாத்தினா புத்தி வந்துடும். தலைல மட்டும் வாணாம், காய்ப்பு கீற தலை" என்றார் மேஸ்திரி.

நாணு பித்தளை பக்கிள் பக்கமாகப் பெல்ட்டைப் பிடித்து அடித்தான். முதல் அடியிலேயே மார்பில் தோல் கிழிந்தது. "எங்கக்காவ அடிப்பியா? அடிப்பியாடா? மாமான்னு கூப்ட வாயிடா இது!" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. ஹமாலிகளும் கை வைத்தார்கள். முனியப்பன் தன் தொடைக்குப் பதிலாக அவன் தொடையில் கட்டையால் போட்டான். மழைத்தண்ணீர் ரத்தத்தோடு குழாயடிச் சாக்கடைக்குப் போனது. இத்தனைக்கும் கோவிந்தப்பா கத்தவில்லை. எதிரே நின்ற என்னைப் பார்த்து, "மணி என்னா ரைட்டரே? வேகன் வந்துடுச்சா?" என்று கேட்டான்.

அது நாணுவுக்கு வெறியேற்றிவிட்டது. "நக்கலாடா?" என்று விறகுக் குவியலிலிருந்து ஒரு கட்டையை உருவித் தலைக்கு மேல் ஓங்கினான். தனக்கோடி எங்கிருந்து வந்தாளோ, மாவுக்கட்டுக் கையோடு பாய்ந்து புருஷன் மேல் விழுந்தாள். கட்டை அவள் தோளை உரசிக்கொண்டு கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அந்த நிமிஷத்தில்தான் கோவிந்தப்பாவின் வாய் இடப்பக்கமாக இழுத்தது. இடது கை வெட்டி வெட்டி இழுக்க, பிறகு உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டது. வாயில் நுரை. கயிற்றின் முனை என் கையில் கிடந்து துடித்தது.

"காக்கா வலிப்பு! இரும்பு குடுங்கடா கையில!" என்று யாரோ கத்தினார்கள்.

டோரதி அதற்குள் சந்துமுனைக்கு ஓடி நர்ஸ் ஜூடித்தைக் கூட்டி வந்துவிட்டாள். தனக்கோடிக்கு மாவுக்கட்டு போட்ட அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். ஐம்பது வயது, வார்டில் சுருட்டுப் பிடிக்கிறவனைக்கூட ஒரே அதட்டலில் அடக்குகிற குரல். "கயித்த அவுருங்கடா கசாப்புக்காரப் பசங்களா!" என்றாள். அவிழ்த்தோம். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, தலையைத் தடவினாள். அவள் கை அந்தப் புடைப்பில் நின்றது.

"இது என்னா?"

"காய்ப்பு சிஸ்டர். மூட்டைக் காய்ப்பு. அவனுக்கு ரெண்டு" என்றார் மேஸ்திரி.

"கிட்ட வா. குனி." மேஸ்திரியின் உச்சியிலிருந்த காய்ப்பை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினாள். தோலோடு சேர்ந்து அது முன்னும் பின்னும் நகர்ந்தது. "இது காய்ப்பு. இப்ப இவன் தலையத் தொடு. ஆட்டிப் பாரு."

மேஸ்திரி தொட்டார். தோல் நகர்ந்தது, புடைப்பு நகரவில்லை.

"எலும்புய்யா அது. மண்டையோடு. உள்ள என்னமோ கீது, அது மேல ஓட்டைத் தள்ளுது. காலைல வாந்தி எடுக்கறானா?"

"மாசியிலேர்ந்து" என்றாள் தனக்கோடி.

"தலைவலி? கண்ட எடத்துல ஒண்ணுக்குப் போறது?"

தனக்கோடி தலையாட்டினாள். ஜூடித் எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "இத்தினி ஆம்பளைங்க கீறீங்க. ஒருத்தனுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போகத் தோணல, கட்டிவெச்சு அடிக்கத் தோணிச்சு. இன்னிக்கே வேலூருக்குப் போங்க. மூளைய அறுக்கற டாக்டருங்க அங்கதான் கீறாங்க."

சாயங்கால ரயிலில் போனோம். தனக்கோடி, நாணு, மேஸ்திரி, நான். நான் ஏன் போனேன் என்றால், கயிற்றுத் தடம் இன்னும் என் உள்ளங்கையில் இருந்தது. காட்பாடிவரை கோவிந்தப்பா தூங்கிக்கொண்டே வந்தான். எழுப்பினாலும் கண் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

வேலூரில் இரண்டு நாள் படம் பிடித்தார்கள், கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி மறுபடி படம் பிடித்தார்கள். டாக்டர் ஒல்லியான மனிதர், எங்களை பெஞ்சியில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"மூளைக்கு மேல ஒரு ஜவ்வு இருக்கு. அதுல வளர்ந்த கட்டி. பத்து வருஷமாவே மெதுவா வளர்ந்திருக்கும். அதுக்கு மேல எலும்பு தடிச்சுப் போச்சு, அதைத்தான் நீங்க வெளியில தொட்டுப் பார்த்தீங்க. கட்டி எலுமிச்சம்பழம் அளவுதான். ஆனா அதைச் சுத்தி மூளை நீர் கோத்து வீங்கியிருக்கு, கட்டியைப் போல நாலு பங்கு. மண்டையோட்டுக்குள்ள வீங்கறதுக்கு இடம் ஏது? நல்லது கெட்டது பார்த்து நடக்கவைக்கிற இடம் முன்நெத்தி மூளைதான். அது நசுங்கிடுச்சு."

"மூட்டையாலயா டாக்டர்?" என்றார் மேஸ்திரி.

"மூட்டையால கட்டி வராது."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஆட்டு மூளைய ஊட்டி விட்டேனே ரைட்டரே. அவன் மூளை மேலயே உப்பு மூட்டைய ஏத்தினேனே." பிறகு ஷெட்டில் ஒரு வாரம் வேலையே சரியாக நடக்கவில்லையாம், பதினேழு பேரும் ஒருத்தன் தலையை ஒருத்தன் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேள்வி. சிரிக்கிற விஷயம்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து வேண்டும் என்றார் டாக்டர். தனக்கோடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிய எடுத்துட்டா, என்னை அடிச்சானே, அவன் போயிடுவானா டாக்டர்?"

"கட்டி போயிடும்மா. வீக்கம் வத்தணும். ஆள் எப்படி எழுந்திருப்பார்னு நான் சொல்ல முடியாது. மேஜையிலேயே உயிர் போனாலும் போகலாம்."

"வெக்காதக்கா" என்றான் நாணு. "கைநாட்டு வெக்காத. அறுக்காம வுட்டா தானா சாவான். நீ என்னோட வந்துடு. இவன் எழுந்து வந்து மறுபடி அடிச்சான்னா, நான் கொல்லுவேன், அப்பறம் நான் ஜெயிலுக்குப் போவணும்."

"செத்துட்டான்னா நான் யாரடா கேக்கறது?" அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் அதற்குமுன் கேட்டதில்லை. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு மாசம் அடி வாங்கினேன் நாணு. ஏன்டா அடிச்சேன்னு நிக்க வெச்சுக் கேக்க எனக்கு ஒரு ஆளு வேணும். பதில் சொல்லட்டும். அதுக்கப்பறம் இருக்கறதா போறதான்னு நான் பார்த்துக்கறேன். அதுக்காச்சும் இவுரு பொழைக்கணும்."

மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெருவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தாள். வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரத்தம் வேண்டும் என்றதும் தந்தி அடித்தோம். ஒன்பது ஹமாலிகள் வந்தார்கள். மூட்டைக்குப் பயப்படாதவர்கள் ஊசியைப் பார்த்து வேர்த்து விறுவிறுத்துப் போனார்கள். கட்டையால் அடித்த முனியப்பனின் ரத்தம் சேர்ந்தது. நாணுவுடையதும் சேர்ந்தது. அவன் கையை நீட்டிக்கொண்டு படுத்தான். ஆபரேஷன் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நான்குவரை நடந்தது. தடித்த எலும்பையும் அறுத்து எடுத்துவிட்டார்கள்.

ஐந்து நாள் அவன் கண் திறக்கவில்லை. முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிக் கிடந்தது. தனக்கோடி ஸ்டூலில் உட்கார்ந்தபடி இருந்தாள். கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், சில சமயம் உதடு அசையும். ஏழாம் நாள் ஒரு வாய் கஞ்சி குடித்தான். இடையில் வேலைக்குத் திரும்பியிருந்த நான், பத்தாம் நாள் காலையில் மறுபடி லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் ஆள் இருந்தது. பழைய கோவிந்தப்பா.

"ரைட்டரே, நீயா? வா வா" என்றான். "என்னா ஆச்சு எனக்கு? தலைக்கறி துன்னது ஞாபகம் கீது. அப்பறம் ஒண்ணும் தெரியல. மூட்டை வுழுந்துடுச்சா?"

நான் தனக்கோடியைப் பார்த்தேன். அவள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"தனம், கைல என்னாமே கட்டு? கன்னத்துல என்னா அது?"

அவள் மாவுக்கட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"யாராச்சும் அடிச்சாங்களா? ரைட்டரே, நீயாச்சும் சொல்லு. நான் படுத்துக் கெடந்தப்ப எவனாச்சும் இவ மேல கை வெச்சானா? எவன் அவன்? பொம்பள கைய ஒடிக்கறவன் என்னா ஆம்பள?" அவனுக்கு மூச்சு வாங்கியது. எழுந்திருக்கப் பார்த்தான். "பேரச் சொல்லு மே. நான் எழுந்து நடந்ததும் மொத வேலை அதான்."

தனக்கோடி அவன் முகத்தையே பார்த்தாள். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த கேள்வியைக் கேட்க அந்தக் கட்டிலில் ஆள் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"செத்துட்டான் மாமா" என்றாள். "போன வாரம் செத்துட்டான். வுடு."

"ஒழிஞ்சான்" என்றான் அவன். கண்ணில் நீர் கட்டியது. "வலிக்குதா தனம்? எங்க, காட்டு." மாவுக்கட்டைத் தொடுவதற்காகக் கையைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினான்.

அவளுடைய இடது கை சட்டென்று எழுந்து முகத்தை மறைத்தது. தலை தோளுக்குள் போயிற்று. கண்கள் இறுக மூடிக்கொண்டன. ஒரு கணம்தான். உடனே கையை இறக்கி, "ஈ... ஈ ஒண்ணு" என்று காற்றில் விசிறினாள்.

கோவிந்தப்பாவின் கை நீட்டின இடத்திலேயே நின்றது. அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அந்தக் கையைத் தன் கண்ணுக்கு எதிரே கொண்டுவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். வார்டில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"ரைட்டரே" என்றான் கடைசியில். "இந்தக் கையக் கட்டிலோட கட்டிப்புடு."

"வாணாம்" என்றாள் தனக்கோடி. எழுந்து நின்று, இடது கையால் ஸ்டூலை இழுத்து, அவன் கை எட்டாத தூரத்தில் போட்டு, அங்கே உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுவதும் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.